படகுக்கு இடம் பார்த்த பின்னரே வீட்டுக்கு மனை பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஓய்வுக்காலத்தில் கடலோரத்தில் குடியேறி, சொந்தமாக ஒரு பாய்மரப் படகும் வைத்துக்கொள்ள விரும்புவோருக்காகத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மனைகளின் விலை, சென்னையிலிருந்து அவற்றின் தொலைவு, குடிநீர், மருத்துவமனை ஆகியவை பற்றிப் பயனுள்ள செய்திகள் அதில் இருந்தன. ஆனால் அந்தப் படகு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எங்கே கட்டிக் கிடக்கும் என்ற கேள்வி கட்டுரையில் ஓரிடத்திலும் எழவில்லை. வணிகக் கப்பல்களில் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது தூத்துக்குடியில் சிறு பாய்மரப் படகு ஒன்றை வைத்திருப்பவன் என்ற முறையில், அந்தக் கேள்வியே முதலில் எழ வேண்டியது என்று கருதுகிறேன். மனையை வாங்கி, வீட்டையும் கட்டி முடித்த பிறகு படகுக்கு இடம் தேடிக் கிடைக்காமல், வாங்கிய படகை வந்த விலைக்கு விற்றுவிட்டவர்களை நான் அறிவேன்.

நல்ல அடித்தளம் போட்டால் வீட்டைக் கடலோரத்தில் பல இடங்களில் கட்டலாம். படகின் நிலை வேறு. அது ஆண்டின் பன்னிரண்டு மாதமும், ஆள் இல்லாத இரவுகளிலும், ஒரு கயிற்றை நம்பித் தண்ணீரில் நிற்க வேண்டியது. நம் கடற்கரை ஏறத்தாழ 1,076 கிலோமீட்டர் நீளம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அதில் பழவேற்காட்டிலிருந்து கோடியக்கரை வரையுள்ள சோழமண்டலக் கரை ஒரே நேர்கோடாக வங்காள விரிகுடாவை நோக்கித் திறந்து கிடக்கிறது. காற்றை மறைக்கும் மலைமுனையோ, அலையை உடைக்கும் தீவோ, உள்வாங்கிய விரிகுடாவோ அந்த நீளத்தில் இல்லை. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் காற்றும் அலையும் நேராகக் கரையில் வந்து மோதுகின்றன; புயல்களில் பெரும்பாலானவையும் அந்த மாதங்களில்தான் வருகின்றன.

இதைப் பெரிய கப்பல்களை வைத்திருந்தவர்களே விலை கொடுத்துத்தான் அறிந்துகொண்டார்கள். 1746 அக்டோபரில், சென்னையைக் கைப்பற்றிச் சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்கள் ஒரே இரவுப் புயலில் சிதைந்தன. 1749 ஏப்ரலில் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு அருகே நமூர் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் மூழ்கி, அதிலிருந்தவர்களில் ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். 1761 புத்தாண்டு நாளில் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பற்படை புயலில் சிக்கிப் பல கப்பல்களை இழந்தது. இத்தகைய இழப்புகளுக்கு அஞ்சியே, அக்டோபர் நடுவில் இந்தக் கரையை விட்டு விலகிப் பம்பாய்க்கோ திருகோணமலைக்கோ சென்றுவிடுவது அன்றைய மாலுமிகளின் வழக்கமாக இருந்தது. திருகோணமலையைக் கைக்கொள்ள ஐரோப்பியர் அத்தனை போட்டி போட்டதற்கு, சோழமண்டலக் கரையில் ஒதுங்க இடமில்லாததும் ஒரு முக்கியக் காரணம். சென்னையில் பின்னர் கட்டப்பட்ட செயற்கைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களையே 1881 நவம்பர் புயல் உடைத்தெறிந்தது. கடல் அப்படியேதான் இருக்கிறது. 2011 டிசம்பரில் தானே, 2016 டிசம்பரில் வர்தா, 2018 நவம்பரில் கஜா என்று நம் காலத்திலும் பார்த்துவிட்டோம்.

காற்றுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது மணல். வீடு வாங்குவோரும் இதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தின் அலைகள் சோழமண்டலக் கரையோர மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அது தெற்கு நோக்கித் திரும்புகிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி. ஆகவே இந்தக் கரையில் கடலுக்குள் ஒரு சுவர் கட்டினால், சுவரின் தென்புறம் மணல் சேர்ந்து கடற்கரை அகலமாகும். வடபுறம் மணல் வரத்து நின்று கரை அரிக்கப்படும். மெரினா இவ்வளவு அகலமாக இருப்பதும், துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கரையோரத் தெருக்கள் கடலுக்குப் போனதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள். 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகு புதுச்சேரி நகரத்தின் கடற்கரை மணலை இழந்து வெறும் கருங்கல் வரிசையானதும் அப்படித்தான். எனவே அலைத்தடுப்புச் சுவருக்கோ தூண்டில் வளைவுக்கோ (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்வரிசை) வடக்கே, "கடலைப் பார்த்த மனை" என்று யாரேனும் விளம்பரம் செய்தால், பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்த இடத்தின் பழைய நில அளவை வரைபடத்தை வாங்கிப் பார்ப்பது நல்லது. இருபது ஆண்டுகளுக்கு முன் கரை எங்கே இருந்தது என்று அந்த ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால், கைநீட்டிக் காட்டுவார்கள்.

அதே மணல்தான் ஆற்று முகத்துவாரங்களையும் மூடுகிறது. வெளிநாட்டுப் படங்களில் ஆற்றங்கழிகளுக்குள் பாய்மரப் படகுகள் அமைதியாக நிற்பதைப் பார்த்துவிட்டு, நம் ஊர்க் கழிமுகத்திலும் அப்படி நிறுத்திக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் பலர். நம் ஆறுகளில் ஆண்டில் பெரும்பகுதி தண்ணீர் ஓடுவதில்லை. ஓட்டம் நின்றதும் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடுகிறது. அடையாறு முகத்துவாரத்தைக் கோடையில் நடந்தே கடந்துவிடலாம். பழவேற்காடு மீனவர்கள் முகத்துவாரம் தூர்ந்துபோவதைத் தடுக்கச் சொல்லி எத்தனையோ ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். நம் ஓத (கடல்மட்டத்தின் அன்றாட) ஏற்றத்தாழ்வும் மிகச் சிறியது, ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். ஆகையால் ஓதம் ஏறட்டும் என்று காத்திருந்து மணல்திட்டைத் தாண்டுவதற்கும் வழியில்லை. இருபத்தைந்து அடி நீளமுள்ள, நிலையான ஏரா (படகின் அடியில் நீருக்குள் நீண்டு நிற்கும் பகுதி) உடைய ஒரு பாய்மரப் படகு தண்ணீருக்கடியில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர் வரை இறங்கி நிற்கும் என்பதை நினைவில் கொண்டால், இது எவ்வளவு பெரிய தடை என்பது விளங்கும்.

கீழே ஆழம் எப்படியோ, மேலே உயரமும் அப்படியே. அத்தகைய படகின் பாய்மரம் நீர்மட்டத்திலிருந்து பத்து மீட்டருக்கும் மேல் நிற்கும். முட்டுக்காட்டுக் காயல் பாய் விரிக்க அழகான இடம். ஆனால் அதன் வாயை ஒட்டியே கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலம் இருப்பதால், உள்ளே நிற்கும் உயர்ந்த பாய்மரம் கடலைப் பார்க்கவே முடியாது. பாலங்கள் மட்டுமல்லாமல், கழிகளின் குறுக்கே செல்லும் மின்கம்பிகளையும் பார்க்க வேண்டும். உலோகப் பாய்மரம் கம்பியில் பட்டால் என்ன நேரும் என்று விளக்க வேண்டியதில்லை.

சென்னையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1911 ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் துறைமுகத்துக்குள்ளேயே இருக்கிறது. பயிற்சி பெறவும் போட்டிகளில் கலந்துகொள்ளவும் அதைவிட நல்ல இடம் மாநிலத்தில் இல்லை. ஆனால் அது உறுப்பினர்களுக்கான இடம், பெரிய வணிகத் துறைமுகத்தின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது, வீட்டிலிருந்து நினைத்த நேரத்தில் இறங்கிப் போகக்கூடியது அன்று. புதுச்சேரி, கடலூர், காரைக்கால், நாகப்பட்டினம் ஆகிய ஊர்களில் துறைமுக வசதி ஆற்றுவாயை நம்பியே இருக்கிறது. உள்ளே இருக்கும் இடமும் மீன்பிடிப் படகுகளுக்கே போதாமல் நெருக்கடியாக இருக்கிறது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையோ ஆனி, ஆடியில் அரபிக்கடலின் முழு வேகத்தையும் வாங்குவது. தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயிலில் கைதேர்ந்த மீனவர்களே அலையில் சிக்கி உயிரிழந்திருக்கிறார்கள். பொழுதுபோக்குக்காகக் கடலுக்குப் போகிறவர் அங்கே படகு வைக்க எண்ணக்கூடாது.

இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் எஞ்சுவது பாக் விரிகுடாவின் தென்கோடியும் மன்னார் வளைகுடாவின் வடகரையும்தான். அதாவது மண்டபம், பாம்பன் தொடங்கிக் கீழக்கரை வழியாகத் தூத்துக்குடி வரையுள்ள கரை. நான் சொல்ல வந்ததும் இதைத்தான்: தமிழ்நாட்டில் பாய்மரப் படகோடு வாழ விரும்புகிறவர் பார்க்க வேண்டியது இந்தக் கரையை, அரசு சிறு படகுகளுக்கென்று ஏதேனும் செய்ய நினைத்தால் தொடங்க வேண்டியதும் இங்கிருந்துதான்.

காரணத்தை மண்டபத்தில் நின்று பார்த்தால் புரியும். அங்கே நிலம் ஒரு நாக்கைப் போலக் குறுகி, வடக்கே பாக் விரிகுடாவுக்கும் தெற்கே மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே நீண்டிருக்கிறது. ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு நடந்தே போய்விடலாம். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் குமுறும்போது தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் என்னும் மேற்கத்திக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் பொங்கும்போது வடகடல் குளம் போலக் கிடக்கும். தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கற்களைச் சுற்றிப் பக்தர்கள் இடுப்பளவு நீரில் நின்று வழிபடும் அமைதியை நினைத்துப் பார்த்தால், வடகடலின் இயல்பு தெரியும். இப்பகுதி மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக இதை வைத்தே தொழில் செய்கிறார்கள். காற்று மாறும் நாள்களில் பாம்பன் கால்வாயை ஒட்டி நின்று பார்த்தால், உயரமான படகுகள் தூக்குப்பாலம் திறக்கும் வேளைக்காக நங்கூரமிட்டுக் காத்திருக்க, தாழ்ந்த படகுகள் நீரோட்டம் தணியும் நேரம் பார்த்துப் பாலத்தடியில் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து மறு கடலுக்குப் போவதைக் காணலாம். ஓட்டம் வலுத்திருக்கும்போது நுழைந்த படகு பாலத்தூணை நோக்கித் தள்ளப்படும் என்பதால், முன்னே போகும் படகு வெளியேறிச் சைகை காட்டும் வரை பின்னே நிற்பவர் நங்கூரக் கயிற்றைக் கையில் பிடித்தபடியே நிற்பார். வீட்டை மாற்றாமல் படகை மட்டும் பருவத்துக்கேற்ப இடம் மாற்றி நிறுத்தும் வாய்ப்பு நம் கரையில் வேறெங்கும் இல்லை.

1914 இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் இரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி 17 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும்புகிறது. நடுத்தர அளவுள்ள பாய்மரப் படகுக்கு இது தாராளம். ஆனால் ஒரு சிறு படகுக்காகப் பாலத்தைத் திறக்கச் சொல்லிக் கேட்பது நடைமுறையில் எளிதன்று. பல கலங்கள் சேர்ந்து வரும் நாளில் சேர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். கால்வாயும் ஆழம் குறைந்தது, பாறைகள் உள்ளது. உள்ளூர் ஆள் ஒருவரைப் படகில் ஏற்றிக்கொள்ளாமல் அதைக் கடப்பது விவேகமன்று.

பாக் விரிகுடாவைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அதன் ஆழம் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். தொண்டி, மீமிசல் பக்கம் கரையிலிருந்து வெகுதூரம் நடந்தே போகலாம்; நிலையான ஏரா உள்ள படகை அங்கே கரைக்கு அருகில் கொண்டுவரவே முடியாது. ஏராவுக்குப் பதிலாக நடுப்பலகையை மேலே தூக்கிக்கொள்ளும் அமைப்புள்ள படகுதான் பொருந்தும். ஆழம் குறைந்த கடலில் புயல் தள்ளிவரும் நீர் உயரமாக எழும்பும் என்பதையும் மறக்கலாகாது. 1964 டிசம்பர் 22 ஆம் தேதி இரவு தனுஷ்கோடிக்கு நேர்ந்தது இந்தக் கடற்பகுதியில்தான். கஜா புயல் கரையேறியதும் இதே கடலின் வடகோடியான வேதாரண்யத்தை ஒட்டித்தான். எனவே புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால் படகைத் தண்ணீரில் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம் என்ற எண்ணம் எந்த ஊரிலும் கூடாது. ஃபைபர் நாட்டுப்படகை ஊர்க்காரர்கள் கூடி மணலில் இழுத்து ஏற்றிவிடுவார்கள். ஏரா உள்ள பாய்மரப் படகை அப்படி இழுக்க முடியாது, கிரேன் வேண்டும் அல்லது சரிவுத்தளம் வேண்டும். மனை பார்க்கப் போகிறவர்கள் அருகில் கிரேன் எங்கே கிடைக்கும் என்றும் விசாரிக்க வேண்டும் என்பதை நான் மிகையாகச் சொல்லவில்லை.

தூத்துக்குடி நான் வாழும் ஊர் என்பதால் சார்பு இருக்கும் என்று வாசகர்கள் நினைக்கலாம். ஆனாலும் காரணங்களைச் சொல்கிறேன். பழைய துறைமுகத்தை முயல் தீவு கிழக்கிலிருந்து மறைக்கிறது. கச்சான் காலத்தில் இங்கே காற்று மேற்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், காற்று பலமாக இருந்தும் கரையோரக் கடலில் அலை எழும்புவதில்லை. பாய் விரிக்க அதைவிடச் சிறந்த நிலை அரிது. அதே காற்றுதான் பாய் கிழிந்த படகையோ இயந்திரம் பழுதான படகையோ திரும்பி வரவிடாமல் வெளிக்கடலுக்குத் தள்ளுவதும். ஆகையால் புதிதாகக் கற்றுக்கொள்வோர் இந்த மாதங்களில் தனியாகப் போகக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாலத்தீவுக்கும் இலங்கைக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற தோணிகளின் ஊர் இது. பாய் மறைந்து இயந்திரம் வந்துவிட்டாலும், தோணி கட்டும் ஓடாவிகளும், பலகை இடுக்கை அடைக்கும் கலப்பத்து வேலை தெரிந்தவர்களும், தடித்த கயிற்றைப் பின்னி வளையம் போடத் தெரிந்த கைகளும் இன்னும் இருக்கின்றன. படகு வைத்திருப்பவருக்குக் கடற்காட்சியைவிட இவர்கள் அருகில் இருப்பதுதான் முக்கியம். குறையும் உண்டு. அனல்மின் நிலையப் புகையும் ஆலைகளும் உள்ள ஊர் இது. நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தபோது நகரத்தின் தாழ்வான பகுதிகள் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. வீடு வாங்குகிறவர் அந்த மழையில் நீர் எதுவரை ஏறியது என்று சுவரில் உள்ள கறையைப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

சட்டம் பற்றி ஒரு சொல். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, ஊரகக் கடற்கரையில் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரையிலும், மக்கள் அடர்த்தி மிகுந்த ஊரகப் பகுதிகளில் 50 மீட்டர் வரையிலும் புதிய கட்டுமானத்துக்குத் தடை இருக்கிறது. தரகர் சொல்வதைக் கேட்டு முன்பணம் கொடுக்கலாகாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளத்திட்டுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. தீவுகளில் அனுமதியின்றி இறங்குவதும் பவளத்தின் மேல் நங்கூரம் போடுவதும் குற்றம். பாக் விரிகுடாவின் வடமேற்குப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 இல் கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. கிழக்கே பன்னாட்டுக் கடல் எல்லை மிக அருகில் இருக்கிறது. நம் மீனவர்கள் அதனால் படும் துன்பத்தை அறிந்த எவரும் அந்தப் பக்கம் பொழுதுபோக்காகப் பாய் விரிக்க மாட்டார்கள். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் கடலோரப் பாதுகாப்பு கடுமையாக்கப்பட்டதால், புறப்படும்போதும் திரும்பும்போதும் கடலோரக் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பது நமக்கே பாதுகாப்பு.

சட்டத்தைவிட எனக்கு மனத்தை உறுத்துவது வேறொன்று. கடற்கரை யாருக்கும் சொந்தமில்லாத வெற்று நிலம் போலத் தோன்றினாலும், படகை ஏற்றவும், வலையைப் பிரிக்கவும், கருவாடு காயவைக்கவும் ஓர் ஊர் முழுவதும் பயன்படுத்தும் இடம் அது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பல இடங்களில் பங்களாக்களின் சுற்றுச்சுவர்கள் எழுந்து, மீனவக் குப்பங்களிலிருந்து கடலுக்குப் போகும் பாதைகள் ஒவ்வொன்றாக அடைபட்டுப் போயின. படகோடு குடியேற வருகிறவர்கள் அதே தவற்றைத் தெற்கிலும் செய்யக்கூடாது. முதலில் ஊர்க் கமிட்டியிடம் சென்று, எந்த இடத்தில் நிறுத்தினால் வலைக்கும் கரைவலை இழுப்பவருக்கும் இடைஞ்சல் வராது என்று கேட்க வேண்டும். அவர்கள் ஒரு இடத்தைக் காட்டினால், பெரும்பாலும் அந்தக் கரையில் அதைவிட நல்ல இடம் இருக்காது. ஆபத்து நேரத்தில் கயிறு வீசப்போகிறவர்களும் அவர்களே.

நிறுத்தும் முறையிலும் பலர் அக்கறை காட்டுவதில்லை. நங்கூரம் என்பது தற்காலிகமானது. நிலையாக நிறுத்த, கடல் தரையில் பெரிய கான்கிரீட் பாளம் ஒன்றைப் புதைத்து, அதிலிருந்து கனத்த சங்கிலி, சங்கிலியின் முடிவில் மிதவை, மிதவையிலிருந்து படகுக்கு இரட்டைக் கயிறு என்று அமைக்க வேண்டும். அறுந்துபோவது பெரும்பாலும் சங்கிலியன்று, படகின் மூக்கில் கயிறு உரசும் கையளவு இடம்தான். எங்கள் கரையில் அந்த இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, அதன் மேல் வலைத்துண்டைக் கட்டிவைப்பார்கள். காற்று மாறும் முன் அதை அவிழ்த்துக் கயிற்றின் இழைகளை விரலால் பிரித்துப் பார்ப்பார்கள். நடுவிலுள்ள இழை வெளுத்துப் பொடிந்தால், வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் அந்தக் கயிற்றுக்கு வேலை முடிந்தது. வெப்பக்கடலில் சில வாரங்களிலேயே அடிப்பாகத்தில் கொட்டலசு என்னும் ஓட்டுயிர் ஒட்டிவிடும். மரப்படகு என்றால் கப்பல் புழுவும் துளைக்கும். இதையெல்லாம் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமானால், வீடு படகிலிருந்து அரைமணி நேரத் தொலைவுக்குள் இருக்க வேண்டும். சென்னையில் வீடும் மண்டபத்தில் படகும் வைத்துக்கொள்வது சரிப்படாது.

இவ்வளவும் தனியொருவர் பார்த்துக்கொள்ளக்கூடியவை. அரசு மட்டுமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மீன்பிடித் துறைமுகங்களில் உள்ள இடம் மீனவர்களுக்கு உரியது. அதில் பங்கு கேட்பது நியாயமன்று. ஆனால் மண்டபத்தின் வடகரையிலும் தென்கரையிலும், தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலும், மீனவர் சங்கங்களைக் கலந்து, பவளமும் கடற்புல்லும் இல்லாத தரையாகப் பார்த்துச் சில மிதவைகளைத் தமிழ்நாடு கடல்சார் வாரியம் நிலையாக அமைக்கலாம். மிதவை இருந்தால் எவரும் நங்கூரத்தைப் பவளத்தின் மேல் எறிய மாட்டார்கள் என்பதால் பூங்காவுக்கும் அது நன்மையே. அவற்றோடு ஊருக்கு ஒரு சரிவுத்தளமும், படகை நிறுத்திவைக்கத் தாங்குசட்டங்களும் இருந்தால், புயல் காலத்தில் மீனவர்களின் படகுகளையும் அங்கே ஏற்றிக்கொள்ளலாம். பராமரிப்பையும் காவலையும் உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடம் ஒப்படைத்து, படகு வைத்திருப்போரிடம் மாத வாடகை வாங்கலாம். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வருமானமின்றி இருக்கும் குடும்பங்களுக்கு அது ஓரளவு உதவும். கோடிக்கணக்கில் செலவு பிடிக்கும் சொகுசுப் படகுத்துறைகளைச் சோழமண்டலக் கரையில் புதிய சுவர் எழுப்பிக் கட்டுவதைவிட, அச்சுவரின் வடக்கே எந்த ஊர் அரிக்கப்படும் என்று பின்னால் கணக்குப் பார்ப்பதைவிட, இது எல்லா வகையிலும் மேலானது.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். கடலோர மனைகளைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, தை மாதத்து அமைதியில் எடுத்த படங்களோடு நிறுத்திவிடாமல், அதே இடத்தைக் கார்த்திகையில் ஒரு முறையும் ஆடியில் ஒரு முறையும் செய்தியாளரை அனுப்பிப் பார்த்துவரச் செய்து வெளியிடுங்கள். மனை வாங்க எண்ணியிருக்கும் வாசகர்களும் அந்த இரண்டு மாதங்களிலும் அங்கே சில இரவுகள் தங்கி, விடியற்காலையில் ஊர்ப் படகுகள் எந்தப் பக்கக் கரையில் கட்டிக் கிடக்கின்றன என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
தூத்துக்குடி.